ரெடிமேட் விமானம் ஏன் விழுகிறது? ஆர்.சி. மாடல்களின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

ஆர்.சி. விமானம் கீழே விழுந்தால் பழி எப்போதும் ரிமோட் பிடித்திருந்தவர் மேல்தான். "ஓட்டத் தெரியல", "த்ராட்டில ஒரேயடியா குடுத்துட்டான்", "இந்தக் காத்துல யாராவது ஏத்துவாங்களா" என்று சுற்றி நிற்கிற பத்துப் பேரும் பத்துக் காரணம் சொல்வார்கள். பத்தும் ஓட்டினவரைப் பற்றியதாகவே இருக்கும். விமானத்தை யார் செய்தது, எதை வைத்து ஒட்டியது, வால் நேராக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. டப்பாவில் வந்த பொருள்தானே, கம்பெனிக்காரன் சரியாத்தான் செஞ்சிருப்பான் என்று ஒரு நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்கு வயது அதிகமில்லை. மாடல் விமானத்தின் வரலாற்றில் பெரும்பகுதி, செய்தவரும் பறக்கவிட்டவரும் ஒரே ஆள்தான். அந்த இரண்டு பேரும் எப்போது பிரிந்தார்கள், பிரிந்ததால் என்ன தொலைந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

செய்தவரே பறக்கவிட்ட காலம்

1871 ஆகஸ்டில் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் ரப்பர் முறுக்கில் ஓடும் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். 11 விநாடி பறந்தது. நேரத்தை விட, அது தானாகவே நிலையாகப் பறந்ததுதான் பெரிய விஷயம். இறக்கையின் நுனிகளை மேல்நோக்கி வளைத்து, வால் பலகையை இறக்கையை விடக் கொஞ்சம் கீழ்க்கோணத்தில் வைத்திருந்தார். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற பயிற்சி விமானம் வரை இந்த இரண்டு சூத்திரமும் அப்படியே தொடர்கிறது. அந்தக் கோணம் ஒரு டிகிரி மாறினால் என்ன ஆகும் என்பது பெனோவுக்குத் தெரியும், ஏன்னா அதை வளைத்தது அவர் கைதான்.

1878-ல் மில்டன் ரைட் என்ற பாதிரியார் தன் இரண்டு மகன்களுக்கு, பெனோ வடிவமைத்த மாதிரியான ஒரு ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை வாங்கிக் கொடுத்தார். ரெடிமேட் பொம்மைதான். ஆனால் வில்பரும் ஆர்விலும் அதோடு நிற்காமல் தாங்களே அதைப் பார்த்து வேறு வேறு அளவில் செய்து பார்த்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது மோசமாகப் பறந்தது. எடைக்கும் பரப்புக்கும் உள்ள கணக்கை அந்தப் பையன்கள் கையால் தொட்டுக் கற்ற முதல் பாடம் அது.

நம்ம ஊரிலும் இதுக்கு ஓர் உதாரணம் உண்டு. 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் ஜாக்கோமோ தாஞ்செலிஸ் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகாக்காரர். வடிவமைப்பு அவருடையது, கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. அன்றைய சிம்ப்சன் குதிரை வண்டி கட்டுவதில் பேர்போன பட்டறை. வண்டி கட்டுகிற தச்சர்கள்தான் விமானத்தையும் கட்டியிருக்கிறார்கள். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மூட்டு இழுவையைத் தாங்கும், எது தாங்காது என்பது அவர்கள் அன்றாடம் பார்க்கிற விஷயம். விமானம் அவர்களுக்குப் புதுசு, மூட்டு புதுசு இல்லை.

ரேடியோ வந்த பிறகும் கொஞ்ச காலம் இதுவே நிலைமை. அமெரிக்காவின் வால்டர் குட், வில்லியம் குட் சகோதரர்கள் 1930-களின் கடைசியில் "பிக் கஃப்" என்ற ரேடியோ மாடலைப் பறக்கவிட்டார்கள். விமானத்தோடு ரேடியோவையும் அவர்களே செய்தார்கள். அந்த விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டப்பா வந்தது

ரெடிமேட் யோசனை அதற்கு முன்பே முளைத்துவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் "ஃப்ராக்" என்ற பெயரில் ஒரு ரப்பர் விமானம் விற்பனைக்கு வந்தது. "ஃப்ளைஸ் ரைட் ஆஃப் த கிரவுண்ட்" என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர், அதாவது தரையிலிருந்து நேராக எழும்பிப் பறக்கும். அதன் டப்பாவிலேயே ரப்பரை முறுக்குகிற கருவியும் இருந்தது. வாங்கு, முறுக்கு, விடு, அவ்வளவுதான்.

அடுத்தது போர். ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி மாடல் விமானப் பிரியர், அதற்காகவே ஒரு கடை நடத்தினார். அந்தப் பைத்தியம் முற்றி ரேடியோப்ளேன் என்ற கம்பெனியாக வளர்ந்தது. பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழக ஆளில்லா இலக்கு விமானங்களை அது செய்து கொடுத்தது, இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 15,000. பின்னால் மர்லின் மன்றோ என்று உலகம் அறிந்த நார்மா ஜீன் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரேடியோவில் ஓடும் விமானம் முதன்முறையாக அங்கேதான் தொழிற்சாலை வரிசையில் ஆயிரக்கணக்கில் உருவானது. ஒருத்தர் இறக்கை, இன்னொருத்தர் வால், வேறொருத்தர் ரேடியோ. பறக்கவிடுகிறவர் இவர்களில் யாரும் இல்லை. ஆனால் அங்கே நடுவில் பரிசோதகர் என்று ஒருவர் இருந்தார், ஏன்னா வாங்குவது ராணுவம்.

போருக்குப் பின் கலிஃபோர்னியாவின் காக்ஸ் கம்பெனி 0.8 சிசி எஞ்சினோடு பிளாஸ்டிக் விமானங்களை விற்றது. கம்பி பிடித்துச் சுற்றுகிற ரகம். அவர்களின் பி.டி.-19 மாடலில் ஒரு நல்ல யோசனை இருந்தது. இறக்கையும் மற்ற பாகங்களும் ரப்பர் பேண்டால் கட்டியிருக்கும், மோதினால் கழன்று விழும், எடுத்துத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். வாங்குபவருக்குச் செய்யவும் தெரியாது, ஓட்டவும் தெரியாது, கண்டிப்பாக மோதுவார் என்று ஒத்துக்கொண்டு வடிவமைத்த விமானம் அது. நேர்மையான ரெடிமேட் என்று நான் சொல்வது இதைத்தான்.

பசைக் கோடு மறைந்தது

அதன் பிறகு வந்தது ஏ.ஆர்.எஃப். என்கிற வகை, "கிட்டத்தட்ட பறக்கத் தயார்" என்று பொருள். பால்சா மரச் சட்டம் தொழிற்சாலையிலேயே ஒட்டி, மேலே பளபளப்பான ஃபிலிம் போர்த்தி வரும். நாம் இறக்கையைச் சேர்த்து, மோட்டார், சர்வோ, ரிசீவர் மாட்டினால் போதும். 2000-க்குப் பிறகு லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் மலிவானதும், ஃபோம் விமானங்கள் ரிமோட்டோடு சேர்ந்தே வர ஆரம்பித்தன. மூன்று மாத வேலை ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

இது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்குப் போகிறவருக்கு மூன்று மாதம் எங்கே கிடைக்கும்? இந்தப் பொழுதுபோக்கு உயிரோடு இருப்பதே ரெடிமேடால்தான். ஆனால் ஒரு விலை கொடுத்தோம். முன்பு ஒவ்வொரு மூட்டும் செய்தவருக்குத் தெரியும், அன்னைக்கு எபாக்சி சரியா கலக்கல என்பது உட்பட. இப்போது மூட்டு ஃபிலிமுக்கு அடியிலோ, இரண்டு ஃபோம் பாதிகளுக்கு நடுவிலோ இருக்கிறது. பார்க்க வழியில்லை.

உலகச் சாம்பியன்ஷிப் அளவிலான ஸ்கேல் போட்டிகளில், மாடலைப் போட்டியாளரே செய்திருக்க வேண்டும் என்ற விதி பல காலமாக உண்டு. அதைக் கௌரவப் பிரச்சினை என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. செய்தவருக்கு மட்டும்தான் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று தெரியும்.

20 கிராம் கணக்கு

எங்கே தப்பு நடக்கும் என்று எண்களோடு பார்ப்போம். ஒரு சாதாரண பயிற்சி விமானம் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கை நீளம் 1.4 மீட்டர், அகலம் 21.5 செ.மீ., பரப்பு சுமார் 0.30 சதுர மீட்டர், எடை 1.2 கிலோ.

முதலில் ஈர்ப்பு மையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்தில், அதாவது 5.4 முதல் 6.5 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். மொத்த இடமே 1 செ.மீ. சொச்சம்தான். தொழிற்சாலையில் வால் பகுதியில் 20 கிராம் பசையோ பெயின்டோ கூடுதலாகப் போய்விட்டது என்று வையுங்கள். வால் 70 செ.மீ. பின்னால் இருக்கிறது. 20 x 70 / 1200 = 1.17 செ.மீ. ஈர்ப்பு மையம் அவ்வளவு பின்னால் நகர்ந்துவிடும். ரெண்டு ஸ்பூன் பசையில் விமானமே வேறு விமானம் ஆகிவிடுகிறது. மூக்கு கனமானால் சோம்பலாகப் பறக்கும், வால் கனமானால் ஒரே ஒரு தடவைதான் பறக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற பேச்சு.

சரி செய்ய மூக்கில் எடை வைக்கலாம். ஆனால் மூக்கு 25 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது, அதனால் 56 கிராம் வைக்க வேண்டும். இப்போது மொத்தம் 76 கிராம் கூடுதல்.

அடுத்தது எடை. விமானம் காற்றில் தாங்குகிற குறைந்தபட்ச வேகம் எடையையும் காற்றின் அடர்த்தியையும் பொறுத்தது. தூக்குவிசைக் குணகம் 1.1 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 15 டிகிரி குளிரில் அந்த வேகம் மணிக்கு 27.5 கி.மீ. விழுப்புரத்து மே மாதத்தில் 40 டிகிரி வெயில். காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறையும், வேகம் 28.6 ஆகும். அதே வெயிலில் விமானம் டப்பாவில் போட்டதை விட 10 சதவீதம் கனமாக இருந்தால் 30. இரண்டரை கி.மீ. பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் தரையிறக்கும்போது புதுசாக ஓட்டுகிறவர் அந்த இரண்டரைக்குள்தான் விளையாடிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது கோணல். ஒரு பக்க இறக்கை லேசாக முறுக்கியிருந்தால், வேகம் குறையும்போது அந்தப் பக்கம் முதலில் சரியும். நான்காவது மோட்டார் கோணம். ப்ரொப்பெல்லரின் எதிர்வினையால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், அதனால் மோட்டாரை இரண்டு மூன்று டிகிரி வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் சாய்த்து வைப்பார்கள். மரப்பலகை ஒட்டும்போது அந்தச் சாய்வு தவறினால் முழு த்ராட்டிலில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. ஐந்தாவது கீல்கள். ஐலரான், எலிவேட்டர் கீல்களில் பசை ஊறியிருக்காது, வெளியே பார்க்க நன்றாக இருக்கும். இணைப்புக் கம்பியில் ஆட்டம் இருந்தால் வேகத்தில் பலகை படபடவென்று அதிர்ந்து பிய்ந்துகொண்டு போகும்.

ஆறாவது நம்ம ஊருக்கே உரியது, வெயில். உருக்கி ஒட்டுகிற ஹாட் க்ளூ சூட்டில் இளகும். மூடிய காருக்குள் வைத்த ஃபோம் இறக்கை கோணும். கறுப்பு நிற ஃபிலிம் தொளதொளவென்று ஆகிவிடும். குளிர்நாட்டு மைதானத்தில் நன்றாகப் பறந்த வடிவமைப்பு என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது அக்னி நட்சத்திரத்தைப் பார்த்ததில்லை.

மறைக்கிற கைரோ

கடந்த பத்துப் பதினைந்து வருடமாக ரெடிமேட் விமானங்களில் கைரோ நிலைப்படுத்தி சேர்ந்து வருகிறது. விமானம் சாய்ந்தால் அதுவே ஐலரானை அசைத்து நேராக்கும். புதியவர்களுக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் உடனே புரியும். பிழை வந்தால் பிடித்து, சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிற கோட் மாதிரி இது. இறக்கை கோணலாக இருந்தால் கைரோ அதை விடாமல் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கு விமானம் நேராகப் பறப்பதாகத் தோன்றும்.

எப்போது வெளியே தெரியும்? வேகம் குறையும்போது. கட்டுப்பாட்டுப் பலகையின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இருக்கிற விசை 30-ல் நாலில் ஒரு பங்குதான். ஈடுகட்ட கைரோவிடம் மிச்சம் இருக்காது. அதாவது அது மறைத்த குறை, தரையிறங்கும் நேரத்தில், தரைக்குப் பக்கத்தில் வெளியே வரும். அப்பவும் சொல்வார்கள், "லேண்டிங் தெரியல".

உடைந்த துண்டு பேசும்

போன வருடம் அறுவடை முடிந்த சமயம், கோலியனூர் கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வயலில் பத்தாவது படிக்கிற பையன் ஒருவன் புது ஃபோம் விமானத்தை ஏற்றினான். பொங்கல் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் சேர்த்து வாங்கியது. எழும்பியதும் மூக்கை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கரும்புக்குள் விழுந்தது. பதினைந்து விநாடி இருக்கும். "எனக்கு இது வராதுண்ணா" என்றான். அதற்கு முன் சிமுலேட்டரில் இரண்டு மாதம் பழகியிருந்த பையன்.

துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தோம். மோட்டார் பலகை அப்படியே கழன்று வந்திருந்தது. பின்பக்கம் பசை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது, ஒரு ஃபோம் மணி கூட அதில் ஒட்டவில்லை. நல்ல மூட்டு உடையும்போது பசை பிரியாது, பக்கத்தில் இருக்கிற ஃபோமோ மரமோதான் கிழியும். பசை மட்டும் தோல் உரிந்த மாதிரி வந்தால் அது முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்று அர்த்தம். விழுந்ததற்குக் காரணமே அதுதான் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பலகை ஒட்டாமல்தான் டப்பாவிலிருந்து வந்தது என்பது உறுதி. பழி முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு நின்றவனுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

பெரிய விமானத்திலேயே இது நடந்திருக்கிறது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் காமெட். 1952 அக்டோபரில் ரோமில் ஒரு காமெட் எழும்ப முடியாமல் ஓடுதளத்தைத் தாண்டி ஓடியது. விமானி மூக்கை அதிகமாகத் தூக்கிவிட்டார் என்று அவர் மேல் பழி விழுந்தது. 1953 மார்ச்சில் கராச்சியில் அதே மாதிரி இன்னொன்று, அதில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். பிறகு அந்த விமானத்தின் இறக்கை முன்விளிம்பின் வடிவத்தையே மாற்றினார்கள். மூக்கைத் தூக்கியது விமானியின் கைதான், ஆனால் கொஞ்சம் தூக்கினாலே மன்னிக்காத இறக்கையைக் கொடுத்தது வேறு யாரோ. இந்த இரண்டாவது பாதி பழி சொல்கிற நேரத்தில் யார் கண்ணுக்கும் படவில்லை.

நம்ம பக்கம்

தமிழ்நாட்டில் செய்து பார்க்கிற மரபு இன்னும் அறுந்துவிடவில்லை. என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் ஒரு பாடம். 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர் அப்துல் கலாம். வளாகத்தில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் தன்னை எப்படி ஈர்த்தன என்று அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே வளாகத்தின் தக்‌ஷா மாணவர் குழுவுக்கு 2018-ல் நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்ததும், அந்தக் குழு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் கலந்துகொண்டதும் செய்தியில் வந்தது. அஜித்தே மாடல் விமானம் பறக்கவிடுகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், 25 கிலோ வரையிலான, கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பொழுதுபோக்குக்கும் கண்பார்வைக்குள் பறக்கவிடுகிற மாடல்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்கின்றன. பொழுதுபோக்குக்காரருக்கு இது நல்லது, சான்றிதழ் கேட்டால் யாரும் பறக்கவிட முடியாது. ஆனால் இதன் அர்த்தத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் விமானத்தின் மூட்டை அரசாங்கம் சார்பில் யாரும் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. 2022 பிப்ரவரியில் ட்ரோன்களை முழுதாகவோ, சேர்க்கத் தயாரான பாகத் தொகுப்பாகவோ இறக்குமதி செய்யத் தடை வந்தது, தனித்தனி உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. இங்கேயே சேர்த்துக் கட்டுவது இனி பெருகும். பெருகட்டும். ஆனால் பசைக் கோட்டை யார் பார்ப்பது என்ற கேள்வி ஊர் மாறினதால் தீர்ந்துவிடாது.

அரை மணி நேரம்

ரேடியோப்ளேனில் இருந்த அந்தப் பரிசோதகர் வேலையை இப்போது வாங்குபவர்தான் செய்ய வேண்டும். அரை மணி நேரம் போதும். சமையலறைத் தராசில் எடை போடுங்கள், டப்பாவில் போட்டதோடு ஒப்பிடுங்கள். பேட்டரியோடு இறக்கைக்கு அடியில் இரண்டு விரலால் தாங்கி ஈர்ப்பு மையம் பாருங்கள். வாலின் நடுவிலிருந்து இரண்டு இறக்கை நுனிக்கும் நூல் பிடித்து அளவுங்கள், கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற மாதிரி, இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் பிடித்து ஆட்டுங்கள். ஒவ்வொரு கீலையும் இழுத்துப் பாருங்கள், வருவதாக இருந்தால் கையோடு வரட்டும். இறக்கையைப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், முறுக்கு தெரியும். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே போகிறதா? ரிமோட்டைக் குறைந்த சக்தியில் வைத்து முப்பது தப்படி தள்ளி நின்றும் சர்வோ கேட்கிறதா? முதல் பறப்பைக் காலையில், கைரோவை முடிந்த அளவு குறைத்து, நல்ல உயரத்தில், தெரிந்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள்.

1.2 கிலோ பொருள் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், முன்னால் சுற்றுகிற கத்தியோடு போகிறது. வயல் வரப்பில் எப்போதும் நாலு சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்காகவே அந்த அரை மணி நேரம்.

விற்பவர்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. டப்பாவில் உண்மையான எடை, ஈர்ப்பு மையம், எந்த வெயில் வரை தாங்கும் என்ற மூன்றையும் அச்சிடுங்கள் என்று கேட்போம். நாலு பேர் கேட்டால் ஒருத்தராவது அச்சிடுவார். அதுவரை, அடுத்த தடவை யாருடைய விமானமாவது விழுந்தால், அவரைப் பேசுவதற்கு முன் துண்டுகளைப் பொறுக்கிப் பசைக் கோட்டைப் பாருங்கள்.